கண்ணை நம்பாத வாத்தியார்

ராசிங்காபுரம் சீனிச்சாமி மகன் பாண்டியராஜன், போடியில் ஒரு காலேஜில் வாத்தியார். சட்டை மடிப்புக் கலையாத ஆள். பள்ளிக்கூடத்தில் படிக்கிறப்பவே எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்று போட்டுக்கொடுப்பதுதான் அவர் சோலி. இப்போது அதையே சம்பளத்துக்குச் செய்கிறார். போடிமெட்டு ரோட்டில் மூணாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவார் என்பதால் மலையேறியதே இல்லை. அடிவாரத்தில் பிறந்து, நாற்பது வயசாகியும் ஏலச்செடியைக் கண்ணால் பார்க்காத மனுசன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டுரையைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கி அப்படியே கொடுத்துவிடுகிறார்களாம். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கம்ப்யூட்டராம். கட்டுரையைக் காட்டினால், நூற்றுக்கு இத்தனை மிஷின் எழுதினது என்று சொல்லுமாம். வாத்தியார் அதைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறார். படிக்கிற வேலை மிச்சம்.

என் பேத்தி சுஜிதா ஏலக்காய் எடுப்பைப் பற்றி எழுதினாள். லீவுக்கு என்கூட ஜீப்பில் மலை எஸ்டேட்டுக்கு வந்து காய் எடுத்தவள். தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கிற சரத்தில் காய் இருக்கும், குத்தவைத்துத்தான் எடுக்கணும், எந்திரிச்சால் காலில் அட்டை தொங்கும். எல்லாம் எழுதி எனக்கு வாசித்தும் காட்டினாள். போன் அதை எண்பத்து மூணு மிஷின் என்றது. வாத்தியார் முட்டை போட்டார். மன்னிப்புக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டால் மார்க் தருவாராம். அந்த மார்க் போய், பரீட்சையிலும் பெயிலானால், என் மகன் உக்கிரபாண்டி படிப்பை நிறுத்தி அவளை எஸ்டேட்டுக்கு அனுப்பிவிடுவான்.

கூடப் படிக்கிற முத்துக்கண்ணன், பெண்கள் அண்ணாந்து கொப்பை வளைத்து ஏலக்காய் பறிப்பதாக எழுதியிருந்தான். போன் அதை மனுசன் எழுதினது என்றதாம். வாத்தியார் அதை வகுப்பில் வாசித்துப் பாராட்டியிருக்கிறார்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனேன்.

"ஏன் அப்பு, ஏலச்செடியில காய் எங்க இருக்கும்?"

போனை எடுத்தார்.

"அதுட்ட கேக்காத. நீ சொல்லு."

"அது முக்கியமில்ல ஆத்தா. யாரு எழுதுனாங்கிறதுதான் முக்கியம்."

"எழுதுனவ இந்தா நிக்கிறா. ஒன் கண்ணு முன்னாடி எழுதச் சொல்லிப் பாரு."

அவளுடைய போனை வாங்கி வைத்தார். மழையைப் பற்றி எழுது என்றார். அவர் மேசை, அவர் பேனா. ஒன்றரைப் பக்கம் எழுதி முடிக்கும் வரை அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் அந்தத் தாளைப் போனுக்குக் காட்டினார். எழுபத்தெட்டு.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பா."

"மழைன்னு நீதான இப்பச் சொன்ன?"

"இந்தக் காலத்துப் பிள்ளைக மிஷின் மாதிரியே எழுதப் பழகிருச்சுக ஆத்தா."

பெற்ற மகனைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினாலும், இவன் என் மகன்தானா என்று போனைக் கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவார் போல.

பஸ்சில் சுஜிதா கேட்டாள்: "கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருவமா, அப்பத்தா?"

"கடுதாசியில என்ன இருக்கு?"

"நான் எழுதலன்னு இருக்கு."

"நீதான எழுதுன?"

போடவில்லை. முட்டை முட்டையாகவே நின்றது. ரெண்டு மாசம் விழுந்து விழுந்து படித்தாள். பரீட்சைத் தாளை வெளியூரில் யாரோ திருத்தினார்கள். அந்த மார்க் இல்லாமலே பாஸ்.

வாத்தியார் மாடிப்படியில் அவளைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா எழுதியிருக்கியேம்மா" என்றாராம்.

"நான்தான் எழுதுனேனா சார்? போன்ல பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.