அத்தை வீட்டு சிலிண்டர் தீரவே தீராது

கேஸ் அடுப்பு ரிப்பேர் தொழிலில், எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அந்த வீட்டு அடுப்பைப் பற்றி இருக்காது; பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றித்தான் இருக்கும். "அவங்க வீட்ல சிலிண்டர் எவ்ளோ நாள் வருதாம்?" என்று கேட்ட பிறகுதான் நமக்குத் தண்ணீர் செம்பே வரும்.

தொழில் என் அம்மா வளர்மதியுடையது. திண்டிவனத்தில் ஒரு பாத்திரக்கடையில் அடுப்பு விற்றுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வராத நாட்களில் தானே கழற்றிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இப்போது ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கக் காத்திருந்த நான், நித்யா, பின்சீட்டில், மடியில் ஸ்பேனர் பையோடு. அவளுக்குக் கை வேலை, எனக்கு வாய் வேலை. ஒரு வீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்த வீட்டம்மாவின் குரல் என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். தெரு திரும்புவதற்குள் அவரைவிட நன்றாக அவரைப் பேசிக்காட்டுவேன். அம்மா திட்டிக்கொண்டே சிரிப்பாள், சிரித்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டுவாள்.

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று பலரும் எழுதுகிறார்கள். அடுத்தவர் சிக்கனத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு வாழ்வது எப்படி என்று யாரும் எழுதவில்லை. அந்தக் கோஷ்டியில் நீங்களும் இருந்தால், இது உங்களுக்குத்தான். அப்பா பேப்பரில் விளையாட்டுப் பக்கம் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஊருக்கெல்லாம் நீல நெருப்பு

அடுப்பு ஒழுங்காக இருந்தால் நெருப்பு நீலமாக எரியும். மஞ்சளாக எரிந்தால் பாத்திரத்துக்குக் கரி, கேஸுக்குக் கேடு. எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டுக்கு நீல நெருப்பு கொடுத்தவள் என் அம்மா. ஆனால் எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்கிற அன்று மட்டும் அவள் மெக்கானிக் இல்லை, குற்றவாளி. லோடு ஆட்டோ ஓட்டுகிற அப்பா, காலி சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். பிறகு விழுப்புரத்தில் இருக்கும் தன் அக்காவை, அதாவது என் அத்தையை, பேச்சுக்குள் இழுப்பார். அங்கேயும் நாலு பேர், இங்கேயும் நாலு பேர். ஆனால் எங்களுக்கு இரண்டு சிலிண்டர் தீர்ந்தாலும் அத்தை வீட்டில் ஒன்று தீராது. இதை அப்பா நிச்சயதார்த்தம், கருமாதி எதையும் விடாமல் போன இடமெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

அம்மா நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை அத்தை வீட்டைவிடக் கூடுதலாக எங்கள் சிலிண்டர் ஓட வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் அதை அப்பா வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காக எங்கள் பர்னரைத் தினமும் பல் தேய்ப்பதுபோலத் தேய்ப்பாள். எனக்கும் அத்தை மேல் எரிச்சல்தான். அவள் சிக்கனத்துக்காக இங்கே நான் காலையில் சுட்ட தோசையைச் சாயங்காலம் ஆறிப்போனபடியே தின்றுகொண்டிருந்தேன். அந்த மாதம் தீர்ந்தபோதும் அப்பா காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஊரு அடுப்பயெல்லாம் சரி பண்ற, உன் அடுப்பு மட்டும் குடிகாரன் மாதிரி குடிக்குது. எங்க அக்காகிட்ட போயி ஒரு வாரம் டிரெய்னிங் எடுத்துக்கினு வா."

எதிரெதிர் வீடு

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் சுமதி அக்கா, இன்னொன்றில் பவுலின் அக்கா. காலையில் சுமதி அக்கா அடுப்பைக் கழற்றும்போது, "எதிர் வீட்ல எவ்ளோ நாளு வருதாம்?" என்று ஆரம்பித்தார். அம்மா கேஸ் வருகிற ஜெட் துளையின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எனக்கின்னா, ரெண்டு மாசத்துக்கு மேலயே ஓடுது" என்று, முன்னொரு ரிப்பேரில் பிடித்துவைத்திருந்த பவுலின் அக்காவின் மூக்குக் குரலிலேயே சொன்னேன். மத்தியானம் பவுலின் அக்கா வீட்டில் சுமதி அக்கா குரலை எடுத்துவிட்டேன், இன்னும் கொஞ்சம் கூட்டி.

மறுநாளிலிருந்து தெருவில் போர். சுமதி அக்கா பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தார். மூடி இல்லாமல் எதையும் ஏற்றவில்லை. சோறு, பருப்பு, முட்டை மூன்றையும் அடுக்கடுக்காக ஒரே குக்கரில் வைத்தார். இதெல்லாம் நல்ல வழிதான், நீங்களும் செய்யலாம். பவுலின் அக்கா அதோடு நிற்கவில்லை. உலை ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பானையைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் போன், அடுப்பில் கோளாறு என்று. அம்மா போய்க் கழற்றினாள். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. "அரிசி கொஞ்ச நேரமாவது நெருப்புல இருக்கணும்க்கா" என்றாள். பவுலின் அக்கா ஒரு சோற்றுப் பருக்கையை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கப் பார்த்தார், அது நசுங்கவில்லை. பிறகு வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அத வுடு. எதிர் வீட்ல இன்னிக்கு வெந்துச்சா, அத மட்டும் சொல்லு."

மீட்டர் மேல் ஒரு கண்

இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் கரண்ட் இலவசம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுக்காரருக்கு அது மட்டும்தான் தெரியும். நூறு முடிகிறவரை கரண்ட் அடுப்பு, முடிந்தால் கேஸ் அடுப்பு என்பது அவர் போட்ட சட்டம். பல் விளக்கும்போது மீட்டர், சாப்பிட்டுக் கை கழுவும்போது மீட்டர், கரண்ட் போய் வந்தால் மீட்டர். ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். நாங்கள் போன நேரம் சாம்பார் பாதிக் கொதியில் இருந்தது. "நிறுத்து, நிறுத்து, நூறாயிடுச்சு" என்று உள்ளே ஓடி வந்தவர், சட்டியைத் தூக்கிக் கேஸ் அடுப்பில் வைத்தார். அது எரியவில்லை. அதைச் சரி பண்ணத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார் என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அம்மா வேலையை முடிக்கிறவரை சாம்பார் நடுவீட்டில் தரையில் காத்திருந்தது. அவர் மறுபடி ஸ்டூலுக்குப் போய்விட்டார். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, அது வேறு ஏதோ. கடைசியில் அம்மாவிடம் சொன்னார்: "கல்யாணமாயி இத்தன வருஷத்துல, அந்த மீட்டர பாக்கற பார்வையில பாதி என்ன பாத்திருந்தா போதும்மா."

மல்லாட்டைத் தோல் வெந்நீர்

வீடு வீடாகப் பார்த்த வித்தையையெல்லாம் அம்மா எங்கள் மேல் ஏவினாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லுக்குப் பக்கத்து வீட்டில், தோலை மூட்டையாக வாங்கிவந்து பின்பக்கம் தகர அடுப்பில் எரித்து வெந்நீர் வைப்பார்கள். குளிக்கிற தண்ணீருக்கு ஒரு பொட்டு கேஸ் கிடையாது. அதைப் பார்த்தபோது அம்மா முகம் போன போக்கே சரியில்லை. சாயங்காலம் ஸ்கூட்டியில் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மூட்டை தோல் உட்கார்ந்து வந்தது.

எங்கள் நேரம், வழியில் மழை. மறுநாள் காலையில் ஈரத்தோல் எரியவில்லை, புகைந்தது. மாடி வீட்டுக்காரர் காயப்போட்ட வெள்ளைச் சட்டை காக்கி ஆனது. என் தம்பி இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனான். அப்பா தோளில் துண்டும் கண்ணில் தண்ணீருமாக நின்றார், அண்டாவில் தண்ணீர் சில்லென்று இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தை குரலில், "தம்பி, குளிச்சியாடா?" என்றேன். அம்மா ஊதுகுழலை ஓங்கினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எங்க அக்கா வூட்ல நான் பொகையே பாத்ததில்ல."

அப்பா குரலில் ஒரு போன்

இனி நேரடியாகக் கேட்டுவிடுவதே நல்லது என்று தோன்றியது. அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து அத்தைக்கு அடித்தேன். அப்பா மாதிரியே இரண்டு செருமல், ஒரு கொட்டாவி. "யக்கா, சாப்ட்டியா? சிலிண்டரு எப்பிடிக்கா உனக்கு மட்டும் இவ்ளோ நாளு வருது?" என்றேன். அந்தப் பக்கம் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தாள். "இத போயி போன்ல கேப்பியாடா? எல்லாம் கை அடக்கம்தான்" என்றாள்.

நான் விடவில்லை. ஊறவைக்கிறாயா, மூடி வைக்கிறாயா, கரண்ட் அடுப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அத்தை எல்லாவற்றுக்கும் "ஆங், அதான்" என்றாள். போனை வைக்கப்போகும் நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவாக இருந்த நான் அதற்குச் "சரிக்கா" என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சொன்னது இதுதான்: "அந்த நித்யா பொண்ணு வாய மூடுனாலே உன் வூட்ல பாதி செலவு கொறையும்டா."

விழுப்புரத்தில் ஆடி

ஆடி பிறந்த கொஞ்ச நாளில் அத்தையே கூப்பிட்டாள். அடுப்பு மஞ்சளாகத் துப்புகிறதாம், பெரிய பர்னர் பற்றவே இல்லையாம். விழுப்புரத்தில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் தம்பி பெண்டாட்டி என்றால் கூலி இல்லை. அம்மாவும் கூலிக்காகப் போகவில்லை. அந்த அடுப்பைக் கழற்றிப் பார்க்கத்தான் போனாள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று இறங்கி ஏறிப் போனோம். வழி முழுக்க ஸ்பேனர் பையை அவளே மடியில் வைத்திருந்தாள்.

அத்தை வீட்டு அடுப்பு கடையில் அடுக்கிவைத்தது போல இருந்தது. தாளிப்பு தெறித்த தடம் இல்லை, பால் பொங்கிய கறை இல்லை. அம்மா முகம் விழுந்துவிட்டது. பர்னரை எடுத்துவிட்டு, கீழே கேஸும் காற்றும் கலந்து வருகிற குழாய்க்குள் டார்ச் அடித்தாள். அப்படியே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். உள்ளே பஞ்சு போல ஒரு கூடு, நடுவில் சொந்த வீடு கட்டி முடித்தவன் மாதிரி ஒரு சிலந்தி. பூட்டிக்கிடக்கிற வீட்டு அடுப்பில் இதைப் பார்த்திருக்கிறோம். தினமும் எரிகிற அடுப்பில் சிலந்திக்கு என்ன வேலை? "அண்ணி, இத கடசியா எப்ப பத்த வச்சீங்க?" என்றாள் அம்மா.

அத்தை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பா டப்பாவாகச் சாம்பார், வத்தக்குழம்பு, கேசரி. மாமா கல்யாண மண்டபத்தில் மேனேஜர் என்பது எங்களுக்குத் தெரியும். மிஞ்சிய பந்தி வீட்டுக்கு வருவது தெரியாது. கல்யாணம் இல்லாவிட்டால் காதுகுத்து, காதுகுத்து இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் பூட்டிக்கிடக்கிறது, அதனால்தான் அடுப்பு ஞாபகம் வந்திருக்கிறது. இவர்கள் கேசரி தின்ற கணக்குக்கு அங்கே நான் ஆறிய தோசை தின்றிருக்கிறேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் நாலு பேருக்குச் சமைத்திருக்கலாம்.

"ஒரு தடவ பெருமைக்கு சொன்னேன் வளர்மதி. உன் வூட்டுக்காரன் ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டான். அதுக்கப்புறம் ஒரு காபி போடவே பயமா கீது" என்றாள் அத்தை. அம்மா கூட்டை எடுத்து, குழாயைத் துடைத்து, அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. என்ன நினைத்தாளோ, புளியும் தக்காளியும் கேட்டு வாங்கி அங்கேயே ஒரு ரசம் வைத்தாள், நெருப்பைக் குறைக்காமலே. அத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தாள், மூக்கில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. தன் தம்பியிடம் சொல்லிவிடாதே என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தலையாட்டினாள். வாசல்வரை வந்த அத்தை சொன்னாள்: "உனக்கு இன்னாடி, நெனச்ச நேரத்துல சூடா வச்சுக் குடிக்கற. ஊரான் வூட்டு சாம்பார சூடு பண்ணக்கூட வழியில்லாம தின்னுக்கினு, உன்ன நெனச்சி நான் எத்தினி நாளு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

கை பட்ட குற்றம்

ருசி கண்ட அத்தை ஆடி முழுக்கச் சமைத்துத் தள்ளியிருக்கிறாள். மாதம் முடிவதற்குள் விழுப்புரத்துச் சிலிண்டர், சரித்திரத்தில் முதல் முறையாக, எங்களுடையதற்கு முன்னால் தீர்ந்தது. அம்மா இத்தனை நாள் வேண்டியது நடந்தேவிட்டது. ஆனால் அத்தை சும்மா விடுவாளா? தம்பிக்குப் போன் போட்டு, தீர்ந்ததற்கு ஒரு காரணமும் சொல்லிவிட்டாள். அப்பா ஆட்டோவை நிறுத்திய கையோடு சமையலறைக்கு வந்தார். "இத்தினி வருஷம் நல்லா ஓடிக்கினு இருந்த அடுப்பு. நீ போயி கைய வச்ச, ஒரே மாசத்துல காலி. அக்கா பேஜாராயி போன் பண்ணுது" என்றார்.

சிலந்தி, ஃப்ரிட்ஜ், கேசரி எல்லாம் அத்தை குரலிலேயே என் தொண்டைவரை வந்து நின்றன. அம்மா காலால் என் காலை மிதித்தாள். டீ பொங்கி வந்தது, அவள் அவசரப்படவில்லை. வடிகட்டி, ஆற்றி, அப்பா கையில் டம்ளரைக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்கே அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. "ஆவணி பொறக்கட்டுங்க" என்றாள், "உங்க அக்கா அடுப்பு தானா சரியாயிடும்."

ஆகவே, என்னோடு சேர்ந்து வயிறெரிகிறவர்களே, கேஸ் மிச்சம் பிடிக்க நான் பார்த்த வழிகளிலேயே சிறந்தது ஊறவைப்பதோ மூடி வைப்பதோ இல்லை, கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருக்கிற ஒருவரைக் கட்டிக்கொள்வதுதான்.