கல்லாறுக்குப் பறந்த உருளைக்கிழங்கு டெம்போ

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு எதிரில் ஐந்து மேஜை போட்ட இட்லிக் கடை எங்களுடையது. விடிகாலையில் மெட்ராஸ் வண்டி வந்து சேரும். ஏழு மணி வாக்கில் ஊட்டிக்கு மலை ரயில் கிளம்பும். இடையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கும், ஆட்டோக்காரர்களுக்கும், பழக்கடைகளுக்கும் சோறு போட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். ஊட்டி அவர்களுக்கு இரண்டாம் பட்சம்தான். கரி தின்று புகை கக்கும் அந்தப் பழைய எஞ்சினுக்காகவே வந்தார்கள். ஒரு டிசம்பரில், மெட்ராஸிலிருந்து வந்த கைடு ஒருவர் ஏழு பேரை எங்கள் கடைக்குக் கூட்டிவந்தார்.

"இன்னைக்கு எல்லாம் சரியா நடந்தா, சீசன் முழுக்க இங்கதான் சார். ஆறே முக்காலுக்கு அனுப்பி வெச்சிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சீட்டுகளைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பரிமாற நின்றேன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி 'போதும்' என்றால் அது கூச்சம். இன்னும் ஒன்று வைத்தால்தான் மரியாதை. இலை காலியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஏழு பேருக்கோ, இலையில் மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர் மனம் நோகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்புறம் என்ன! அப்பா வைக்க வைக்க அவர்கள் முடித்தார்கள். அவர்கள் முடிக்க முடிக்க அப்பா வைத்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க அம்மணி. மலையேறோணுமில்லீங்க!"

அந்த வெள்ளைக்கார அம்மாள் எட்டாவது இட்லியைக் கும்பிடாத குறையாக விழுங்கினாள். நான் தடுத்திருக்க வேண்டும். இளித்துக்கொண்டே சட்னி ஊற்றினேன், புத்தி கெட்டவள்.

கூவென்று சத்தம் கேட்டது. கைடு தலைதெறிக்க ஓடிவந்தார்.

"போச்சு சார்! வண்டி கிளம்பிடுச்சு. இதுக்காகவே கடல் தாண்டி வந்தவங்க. நாளைக்கு டிக்கெட்டும் கிடையாது!"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. சீசன் போச்சு, நம் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று எனக்கு அழுகை வந்தது. சட்டென்று நினைவு வந்தது: மலையடிவாரத்து அடுத்த ஸ்டேஷனான கல்லாறில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்!

பக்கத்து மண்டி வாசலில் உருளைக்கிழங்கு டெம்போ நின்றது. ஓட்டுகிற பாயிடம் ஓடினேன்.

"பாய், கல்லாறு போவோணுங்க, ரயிலைப் பிடிக்கோணுங்க!"

"ஏறச் சொல்லு கண்ணு!"

ஏழு பேரையும் மூட்டைகள் மேல் ஏற்றிவிட்டு, அப்பாவும் கைடும் நானும் தொற்றிக்கொண்டோம். பவானிப் பாலம் தாண்டியதும் பாய் அழுத்தினார் பாருங்கள், அப்படி ஒரு வேகம்! பாக்குத் தோப்புகளுக்கு மேலே புகை தெரிந்தது. அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு "கோ! கோ!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். தோப்பைப் பிளந்துகொண்டு அது புகையோடு வர, ஏழு பேரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளாகக் குதித்தார்கள். கைடு மட்டும் எங்கள் பக்கமே திரும்பவில்லை. எல்லோரையும் பெட்டியில் ஏற்றி உட்கார்ந்தார்.

அப்பா ஜன்னலருகே போய், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதானுங்க. அடுத்த கூட்டத்தை வேற கடைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கு வருத்தமில்லீங்க."

அப்பாவை அப்படி நான் பார்த்ததேயில்லை. வண்டி நகர்ந்தது. கைடு தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் சார்! டெம்போவுக்கும் சொல்லி வைங்க. டிபனைவிட அதுதான் இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு!"

அப்பா தண்டவாளத்தோரம் உட்கார்ந்து துண்டில் முகம் புதைத்து அழுதார். நானும் அழுதேன். பிறகு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், எங்கூட்டு இட்டிலியவிடவாங்க உங்க டெம்போ?"