நம்பக்கூடிய தோழியைப் பற்றி இரண்டு நிமிடம்

என் மகள் அயர்லாந்து போய்ப் படிக்க ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வீட்டில் ஒத்திகைக்கு நான்தான் தேர்வாளர். அட்டையில் இருக்கும் கேள்வியைப் படித்துவிட்டு, அவள் பேசும் இரண்டு நிமிடமும் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க வேண்டும். "நீ மூஞ்சியச் சுளிச்சா எனக்கு ஃப்ளோ போயிடுதும்மா" என்பாள்.

அன்றைக்கு வந்த அட்டை: நீங்கள் நம்பக்கூடிய ஒரு தோழியைப் பற்றிச் சொல்லுங்கள்.

யாரைச் சொல்லப்போகிறாள் என்று தெரியும். பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒருத்தி. அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட், அதனால் ஐரோப்பாவில் எங்கே போகவும் அவளுக்கு விசா கவலை இல்லை. இருவருக்கும் ஒரே கல்லூரி, தங்குவதும் ஒரே அறை என்று பேசி முடித்துவிட்டார்கள். என் தூக்கம் போவது அந்த அறையை நினைத்துத்தான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் முதலியார்பேட்டையில் எங்கள் வாசலிலிருந்து இருவரும் ஸ்கூட்டியில் காலாப்பட்டுக்குக் கிளம்பினார்கள். ஓட்டியது தோழி. பின்னால் உட்கார்ந்து எனக்குக் கையாட்டியது என் மகள். ஈ.சி.ஆர் சாலையில் வண்டி மணலில் சறுக்கி விழுந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது என் பெண் நினைவில்லாமல் உள்ளே கிடந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு வெளியே நின்ற தோழியைப் போலீஸ்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நீ அவங்களுக்கு யாரும்மா?"

"ஜஸ்ட் கிளாஸ்மேட் சார். வண்டிய ஓட்டினது அவதான்."

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தோழியிடம் லைசென்ஸ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் கண் விழித்த என் மகளும் போலீஸ்காரரிடம் "நான்தான் ஓட்டினேன்" என்றாள். தலையில் அடிபட்டதில் நினைவு குழம்பிவிட்டது என்று பதறி, இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரிடம் அழுதேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் என் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள். வீ கோ வே பேக். ஷீ ஈஸ் ஆல்வேஸ் தேர் ஃபார் மீ. த்ரூ திக் அண்ட் தின். நெடுநாள் பழக்கம், எப்போதும் துணை, இன்பத்திலும் துன்பத்திலும் என்று, நட்பைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கென்று கோச்சிங் சென்டரில் கற்றுக்கொடுத்தவை. தமிழில் சொல்லியிருந்தால் அவளுக்கே கூசியிருக்கும். ஆங்கிலத்தில் தங்குதடையின்றி வந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ விழுந்து கெடந்தப்போ அவ எங்கடி இருந்தா?" என்றேன்.

"இது கார்டுல இல்ல."

"வண்டிய ஓட்டினது அவ. என் கண்ணால பாத்தேன்."

மொபைலில் ஓடிய நேரத்தை நிறுத்தினாள். "தெரியும்மா. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் ஏன் நீ ஓட்டினதா சொன்ன?"

"அவ போலீஸ்ல அப்படிச் சொல்லிட்டா. நான் மாத்திச் சொன்னா அவ மாட்டிக்குவா. அப்புறம் எங்கூட பேசுவாளா?" மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். "அயர்லாந்துல எனக்கு வேற யாரும்மா இருக்காங்க?"

இரண்டாவது ஸ்கேனிலும் கோளாறு எதுவும் தெரியாதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் சாயங்காலம் தோழி வந்தாள். வழக்கம்போல நேராகச் சமையலறைக்குள் வந்து என் தோளில் கை போட்டாள். "ஆன்ட்டி, ஏன் டல்லா இருக்கீங்க? யூ ஆர் லைக் மை செகண்ட் மதர். அங்க போய் இவள நான் பாத்துக்குவேன், டோன்ட் வொரி."

அவள் முதுகுக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். முகத்தில் எதையும் காட்டாமல், அந்தப் பெண்ணுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தேன்.