ஜபீன் மட்டும் படிக்கத் தெரிந்த லாக்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த கம்பி ஆலையில், கம்ப்யூட்டருக்கென்று இருந்த ஒரே ஆள் ஜபீன். பழவேற்காட்டுப் பெண். அப்பா அப்துல் ரவூப் இறால் வியாபாரி. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். அப்படி வந்தும் எட்டே முக்காலுக்கெல்லாம் சீட்டில் இருப்பாள். கம்ப்யூட்டர்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. என்ன கேட்டாலும் புரியாமல் பதில் சொல்வார்கள். இவள் புரிகிற மாதிரி சொல்வாள். குறை சொல்ல வழியில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

2005இல் டீலர்கள் ஆர்டர் போடுவதற்கு ஒரு வெப்சைட் வந்தது. சென்னையில் இருந்த அதன் சர்வரும் அவள் பொறுப்பு. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு லாக் என்று பெயர். ஆனால் எங்கள் ஆலையின் பதினான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே இணைப்பில் போனதால், யார் என்ன செய்தாலும் லாக்கில் ஒரே முகவரிதான் விழுந்தது.

இது ஜபீனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செட்டிங்கை மாற்றினாள். அதன்பிறகு முதல்முறை வருகிற கம்ப்யூட்டருக்கு சர்வர் ஒரு எண்ணைக் கொடுத்தனுப்பும். குக்கீ என்றாள். அடுத்தமுறை வரும்போது கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் காட்டும், லாக் வரியில் அதுவும் சேர்ந்து பதியும். பிறகு மேஜை மேஜையாகப் போய், எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"யாரும் கேக்கலையே, இன்னாத்துக்கும்மா இந்த வேலை?" என்றேன்.

"கேக்கற அன்னிக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல சார்."

அந்த நாள் ஆறு மாதத்தில் வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை ஊத்துக்கோட்டை டீலர், ஜி.எம். அன்புசெல்வனுக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். கம்பி வரவில்லை, தளம் போட வந்த ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். பார்த்தால், அன்றைக்குப் போக வேண்டிய மூன்று ஆர்டர்களும் முந்தின நாளே ரத்தாகியிருந்தன. ரத்து செய்த பெயர், லோடு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் முத்தம்மாளுடையது.

"போட்டிக் கம்பெனிக்கு வேலை பாக்குறியா?" என்று ஜி.எம். கத்தினார்.

"சத்தியமா நான் இல்ல சார். பாஸ்வேர்டு அங்க காலண்டர்லயே எழுதிக் கெடக்குது. யாரு வேணா உள்ள போலாம்."

"யாரு எழுதுனது?"

முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுதியது நான்தான். அவள் லீவில் இருந்த ஒரு நாள், டெஸ்பாட்ச் ஆள் ஒருவர் பாஸ்வேர்டைச் சொல்ல, மறந்துவிடக் கூடாதே என்று எழுதி வைத்தேன். ஜி.எம். கேட்டபோது நானும் அதே அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"ஜபீன் லாக்கப் பாத்துச் சொல்லட்டும். உன் கம்ப்யூட்டர்னு வந்துச்சுன்னா இன்னியோட கெளம்பு" என்றார் ஜி.எம். புதுவாயல் வீட்டில் முத்தம்மாளின் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? நான் ஜபீன் பின்னாலேயே போய் நின்றேன். ரத்தான மூன்று வரிகளையும் கண்டுபிடித்தாள். மூன்றிலும் ஒரே குக்கீ, கடைசி நான்கு எண் 4471. நோட்டைப் புரட்டினாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது என் கம்ப்யூட்டர் சார்."

முந்தின நாள் மதியம், வெப்சைட்டில் எல்லா லிங்க்கும் திறக்கிறதா என்று பார்க்க ஒரு புரோகிராமை ஓட விட்டிருந்தாள். எல்லாப் பக்கமும் டெஸ்பாட்ச் பெயரில்தான் திறக்கும் என்பதால் அந்தப் பெயரில் உள்ளே அனுப்பினாள். அது ஒன்று விடாமல் அழுத்திக்கொண்டே போனது. 'ரத்து செய்' என்பதும் ஒரு லிங்க்தான். பதினோரு செகண்டில் அறுபது பக்கம் திறந்ததாக லாக் சொன்னது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "உன்ன விட்டா இத யாரும்மா படிக்கப் போறா? ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடு. அவளும் தப்பிச்சா, நீயும் தப்பிச்ச."

"அதனாலதான் சார் சொல்லணும். நான் மாத்திப் படிச்சா கேக்க ஆளே இல்ல."

மூன்று வரிகளையும் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் தானே அடிக்கோடு போட்டு, ஜி.எம். மேஜையில் வைத்தாள். அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், மெமோவும் வந்தது. பிறகு மூன்று டீலர்களுக்கும் அவளே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். சாயங்காலத்துக்குள், இன்னொரு முறை கேட்காமல் எதையும் ரத்து செய்ய முடியாதபடி வெப்சைட்டை மாற்றிவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்பினாள். என் மகள் வயதுப் பெண். அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

மறுநாள் டெஸ்பாட்சுக்குப் போனேன். காலண்டர் அங்கேயேதான் தொங்கியது. முத்தம்மாள் லோடு சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"முத்தம்மா, அந்த பாஸ்வேர்ட எழுதுனது நான்தான்" என்றேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும் சார். தெனம் நீங்க எழுதுற ஸ்டோர்ஸ் சீட்டப் பாத்துதான லோடு ஏத்துறேன், உங்க கையெழுத்து தெரியாதா?"