பத்து மணிக்குள் பார்க்க வேண்டிய பூ

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் இரண்டு பெட்டிகளும், ஏழு வயது மகள் யாழினியும், கைப்பேசியில் ஒரு படமும் இருந்தன. படத்தை அனுப்பியவர் என் அண்ணன். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. டெங்கில் பக்கம் போன வழியில் ஈயம் எடுத்துக் கைவிட்ட பழைய குட்டை ஒன்றில் வெள்ளை அல்லி கொள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டு, காரை நிறுத்தி எடுத்திருந்தார்.

நான் திருச்சி உறையூரில் அறிவியல் ஆசிரியை. பதினாறு வருஷமாக அல்லியைக் கரும்பலகையில் வரைந்துதான் பாடம் நடத்துகிறேன். எங்கள் தெருக் குளத்தை ஆகாயத்தாமரை மூடி வெகுநாளாகிவிட்டது. யாழினி அல்லியைப் பார்த்ததே இல்லை. இந்தக் கோடை விடுமுறையில், ஒரு வாரத்துக்குள், அவளுக்கு விரிந்த அல்லியைக் காட்டிவிட வேண்டும் என்பதே என் திட்டம். இது இரவில் விரியும் வகை. காலை பத்து மணி வாக்கில் மூடிக்கொள்ளும். சீக்கிரம் கிளம்பினால் போதும், வேறென்ன என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்குப் புறப்படுவதாகப் பேச்சு. அண்ணன் வேலைக்குப் போய்விடுவதால் கார் ஓட்டுவது அண்ணி மாலா. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏழரைக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எட்டரைக்கு முட்டை அவித்தார். அப்புறம் பாய், குடை, மாற்றுத்துணி, வெந்நீர்க் குடுவை. நாங்கள் குட்டைக்குப் போகிறோமா, வீடு மாறுகிறோமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணி, பூ மூடிடும்."

"மூடுனா என்னா, நாளைக்குத் தொறக்கும் லா. பிள்ளைக்குப் பசிச்சா என்னா செய்வே?"

நாற்பத்தைந்து கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. அல்லிகள் எல்லாம் மடக்கிய குடைகளாக நின்றன. ஆனாலும் போன பயணம் வீணில்லை. நீர்மேல் மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பூக்கள் தலைநீட்டியிருந்தன. அது தண்ணீருக்கடியில் நுண்ணிய பைகள் வைத்துப் பூச்சி பிடித்துத் தின்னும் செடி. பாடப் புத்தகத்தில் மட்டுமே நான் கண்டது. கரையில் மண்டியிட்டு அரை மணி நேரம் பார்த்தேன். அண்ணி காரை விட்டு இறங்கவேயில்லை. கடைசியில் இறங்கியவரும் குட்டைப் பக்கம் வராமல், சாலையோரப் புதரிலிருந்து செண்டுடுக் என்ற காட்டுப்பழம் பறித்து யாழினியிடம் கொடுத்தார். தின்றதும் அவள் நாக்கு கருநீலமாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து நேரத்தோடு கிளம்பினோம். ஆனால் வழியில் ரொட்டி சானாய் கடை. நம் பரோட்டா மாதிரி; ஒன்றின் விலை இரண்டு ரிங்கிட், அவர்கள் பேச்சில் வெள்ளி. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, அண்ணி தே தாரிக் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்து, இன்னொன்று சொல்லி, குட்டைக்குப் போனபோது பத்தரை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எட்டு மணிக்கு வந்தா தட்டு தட்டா விரிஞ்சி கெடக்கும்மா. இப்ப வந்து என்னா பாக்கப் போறீங்க?"

"நாளைக்கு வரோம் அங்கிள்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

புதன்கிழமை அண்ணி குட்டைப் பேச்சையே எடுக்கவில்லை. கொமுட்டர் ரயிலில் ஏற்றி, கோலாலம்பூரில் தமிழர் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டிப்போனார். பூக்கடையில் மூன்று வெள்ளிக்கு ஒரு தாமரை வாங்கி யாழினி கையில் கொடுத்தார். "இந்தா, தண்ணிப் பூவு. பாத்தாச்சா?" எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தெருவில் வேறு என்ன பார்த்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்கு நாங்கள் வந்ததே பிடிக்கவில்லை போலும் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன்.

வியாழக்கிழமை பத்தேகாலுக்குப் போய்விட்டோம். கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஒரு பூ, பாதி மூடியும் மூடாமலும். "அம்மா, உள்ள மஞ்சளா இருக்கு!" என்று யாழினி குனிந்தாள். அடுத்த நொடி, அதுவரை குட்டைப் பக்கமே வராத அண்ணி செருப்பில்லாமல் ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிள்ளை சேற்றில் விழுந்து வீறிட்டது. நான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். காருக்குள் போய் யாழினியின் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பதினோரு வயசுல நான் இந்த மாதிரி குட்டையிலதான் விழுந்தேன். இதே பூவு பறிக்கப் போய். தண்டு காலச் சுத்திக்கிச்சு. அப்பா முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. ஈயம் தோண்டுன குழி, வசந்தி. ரெண்டடி தாண்டுனா ஆழம் தெரியாது."

"முதல்லயே வேணாம்னு சொல்லியிருக்கலாமே அண்ணி."

"பிள்ளைக்குக் காட்டணும்னு அவ்ளோ ஆசையா வந்திருக்கே. எப்படிச் சொல்றது? மூடுன பூவுன்னா பிள்ளை கிட்ட போகாதுன்னு நெனச்சேன் லா."

அவித்த முட்டை, ஆற்றிய தேநீர், பிரிக்ஃபீல்ட்ஸ் தாமரை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் பயத்தோடு ஓட்டி வந்த மனுஷியை நான் சோம்பேறி என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். "போதும் அண்ணி, பூவ பாத்தாச்சு" என்றேன். அன்று இரவே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு விமானம். காலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணி தலைவாரி, சாவியோடு நின்றார். "பெட்டிய கார்ல போடு. அங்கேர்ந்து நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிரலாம்." சாப்பாட்டுப் பையைத் தேடினேன். இல்லை. ஒரு பிஸ்கட் பொட்டலம் மட்டும் முன்னிருக்கையில் கிடந்தது.

ஏழேகால். குட்டை முழுக்க வெள்ளை. உள்ளங்கையைவிடப் பெரிய பூக்கள், தேனீக்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. அண்ணி கரைவரை நடந்துவந்தார். யாழினியின் கவுனைப் பின்புறம் கொத்தாகச் சுருட்டி, முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, போர்டுல நீ வரையறது தப்பு. இதுக்கு எவ்ளோ இதழ் பாரு!"

நாற்பது நிமிடம் நின்றோம். அண்ணி பிடியை விடவில்லை. முதலில் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல மெல்லப் பூவைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ராத்திரியெல்லாம் இப்படித்தான் தொறந்து கெடக்குமா வசந்தி? யாருமே பாக்காம?"

வீடு திரும்பி நான்கு நாளாகிறது. எங்கள் தெருக் குளத்தில் அதே ஆகாயத்தாமரை. யாழினியின் கவுனை இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். முதுகுப் பக்கம் ஒரு கை பிடித்த சுருக்கம் இன்னும் இருக்கிறது. துவைக்க மனம் வரவில்லை.