தெரணியகலைக் குழாய்க்குக் கறுப்புத் தாள்

சனிக்கிழமை காலை ஏழே கால். தெரணியகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை. ஆறு கிலோமீற்றர் மேலே உள்ள ரப்பர் தோட்டத்துக்கு ரிஸ்வான் நானாவின் த்ரீவீலில் ஏறினேன். மடியில் தட்டையான பெட்டி.

"கேக்கா மிஸ்?"

"குழாய்க்கு ஒட்டுப் போடுற சாமான்."

"ஒட்டுப் போடவா கொழும்பிலருந்து வாறீங்க!" என்று சிரித்தார்.

எட்டு மணிக்குத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் தருவது, ஓடைத் தண்ணீரில் சுற்றும் சின்ன டேர்பைன். தண்ணீரை இறக்கும் கண்ணாடிநார்க் குழாயில் கல் விழுந்து வெடிப்பு. இரண்டு முறை ஒட்டியும், ஈரக் குளிரில் பசை இறுகவில்லையாம்.

காத்திருந்தவர் பிலோமினா அக்கா. தோட்டத்து ஸ்மோக்ஹவுசில் புகைச் சூட்டில் ரப்பர் ஷீட் காயவைப்பவர். மற்ற நேரத்தில் தையல். மறுநாள் மாதா கோயிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் பாதியில் கிடந்தன. முழங்கால் வலியால் மெஷினை மிதிக்க முடியாது, மோட்டார்தான்.

"கரண்ட் வரலன்னா புள்ளைங்க பழைய சட்டையிலதான் போகணும் மிஸ்."

பெட்டியைத் திறந்தேன். கார்பன் நுண்குழாய்கள் கோடிக்கணக்கில் பின்னிய கறுப்புத் தாள், ஊதினால் பறந்துவிடும். நார்த்துணி அடுக்குகளுக்கு நடுவே வைத்துப் பசை பூசினால், அடுக்குகள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தால் தானே சூடேறிப் பசையை இறுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம் இது.

"ரப்பர் ஷீட்டுன்னா ஸ்மோக்ஹவுசுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம். குழாய எப்பிடிங்க காயவைக்கிறது?"

"இதுக்குள்ளயே ஸ்மோக்ஹவுஸ் இருக்கு அக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, நான் கொண்டுவந்த பெட்டரி மழையில் நனைந்து கழுத்தறுத்தது. பிலோமினா அக்காவின் முகம் செத்துவிட்டது. காத்துநின்ற ரிஸ்வான் நானா போய், தன் த்ரீவீல் பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "ஹரி மிஸ், இதுல போடுங்க" என்றார், சிங்களச் 'சரி'யோடு.

வெடிப்பில் ஒட்டைப் போட்டு, தாளை பெட்டரியில் இணைத்து, மேலே சாக்குகளைச் சுற்றித் தார்ப்பாய் பிடித்தோம். நான் சாக்கைத் தூக்கிப் பார்க்கப் போனால் அக்கா விடுவதில்லை. "தொறக்காதீங்க, சூடு போயிரும்!" ஸ்மோக்ஹவுஸ் கதவுக்குக் காவல் நிற்கும் பழக்கம். என் சாமானுக்கு நானே அந்நியமாகிப்போனேன்.

பதினொன்றரைக்குத் தோட்டத்து ஆட்கள் தண்ணீரைத் திறந்தார்கள். மூவரும் குனிந்து ஒட்டைப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுதேவிட்டார். அடுத்த நிமிடம், "தேத்தண்ணி இன்னொரு நாளைக்கு வந்து குடிங்க மிஸ், தையல் கெடக்கு" என்று நொண்டியபடி ஓடினார்.

திரும்பும்போது த்ரீவீல் கிளம்ப மறுத்தது. பெட்டரியின் உயிரைத்தான் குழாய் குடித்துவிட்டதே! "எறக்கம்தானே, உருட்டிட்டுப் போவம்" என்றார் நானா. எஞ்சின் சத்தமில்லாமல் இறங்கினோம். முதல் வளைவில், மேலே லயத்திலிருந்து தையல் மெஷின் சத்தம் விடாமல் கேட்டது.

கொழும்பில் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் ஓடினால் ஜன்னலை அடித்துச் சாத்துகிறவள் நான்.

"நானா, கொஞ்சம் பிரேக் பிடிங்க" என்றேன்.