தன் பெட்டியைத் தானே நிரப்பியவர்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவருடைய கடைசி ஆண்டைப் பற்றி இந்த நினைவு மலரில், கம்பெனி வாசல்வரை கூடவே போய்வந்த தம்பியான நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா வீட்டுக்காரரான மாமா சொல்லிவிட்டார். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருமழிசையில். எங்கள் பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு அக்கா தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் வெயிலில் நிற்காத முதல் ஆள் என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். ரப்பரை வார்க்கும் சூடான அச்சு மிஷின் முன்னால் நாள் முழுக்க நிற்பது வெயிலைவிட மோசம் என்று அம்மாவுக்குத் தெரியாது. அக்காவும் சொன்னதில்லை. கல்யாணமாகிக் கரையான்சாவடிக்குப் போன பிறகும், மகள் பிறந்த பிறகும் அதே கம்பெனி, அதே மிஷின். அவர் கோபக்காரர். சோம்பேறிகளைக் கண்டால் ஆகாது, என்னையும் சேர்த்துத்தான்.

இப்படிப்பட்ட மலர்களில் ‘கொடிய நோய்’ என்று எழுதுவார்கள். அக்காவுக்கு மழுப்பல் பிடிக்காது. அவருக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் ஆனது, கீமோ ஏற்றினார்கள், கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். முடி கொட்டி, நகம் கறுத்து, ஒரு வருடத்துக்கு மேல் கட்டிலோடு கிடந்தார். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்டது.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் வேலைக்குப் போகிறேன் என்றார். வீட்டில் பெரிய சண்டை. மாமா சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார்.

“ஊட்ல குந்திகினு இருந்தா எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்கடா. கம்பெனில ஒருத்தருக்கும் என்னப் பாக்க நேரம் கெடயாது. எனக்கு அது போதும்” என்றார் என்னிடம்.

கம்பெனியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் மதியம் வரைதான் வேலை. மிஷின் பக்கம் போகாமல், மேசையில் உட்கார்ந்து ரப்பர் வளையங்களின் ஓரப் பிசிறைக் கத்தரிக்க வேண்டும். கத்தரித்ததைப் போட ஆளுக்கொரு பெட்டி. பெட்டி தவறாமல் நிரம்பினால் முழு ஷிப்ட். அதற்குப் பிறகுதான் மிஷின். அக்காவின் கண்ணெல்லாம் அந்த மிஷின்மேல்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு அவரவர் மிஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது அங்கே வழக்கம். அவர் படுத்திருந்த வருடம் அவருடைய மிஷினுக்கு வேறொருவர் பொட்டு வைத்திருந்தார். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

காலையில் பைக்கில் கொண்டுபோய் விடுவேன், மதியம் வாசலில் காத்திருப்பேன். கீமோவில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனதால் கத்தரிக்கோல் நழுவும் என்பார். ஆனாலும் பெட்டி நிரம்பியது. பழைய திமிர் அவர் முகத்தில் எட்டிப் பார்த்தது. பிழைத்துவிட்டார் என்றே நான் நம்பினேன்.

உண்மை வேறு. அக்கா பாத்ரூம் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்காரும் செல்வி, தன் பெட்டியிலிருந்து அள்ளி அக்கா பெட்டியில் போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு கை போட்டிருக்கிறார்கள். ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்த அக்கா பார்த்துவிட்டார். வாசலில் நின்ற எனக்கே அந்தக் கத்தல் கேட்டது.

“இன்னாடி பண்றீங்க? நான் உசுரோட கீறப்பவே ஆளாளுக்கு வாய்க்கரிசி போடறீங்களா?”

“அய்யோ, அப்டிச் சொல்லாதக்கா. நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்...”

“என் பொட்டிய நான் ரொப்பிக்கிறேன். ரொம்பலன்னா அப்டியே கெடக்கட்டும்.”

மறுநாள் பெட்டி பாதிகூட நிரம்பவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். வண்டியில் வரும்போது முதுகில் அவர் மூச்சு மட்டும் சுட்டது. பிறகு விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கத்தரிக்கப் பழகினார். மதியம் வரை இருந்தது, டீ நேரம் வரை ஆனது. ஆடி போய் ஆவணியில் முழு ஷிப்ட். ஆயுத பூஜைக்கு முன்னால் மிஷின் அவர் கைக்கு வந்தது. இந்த மலரின் அட்டையில் இருப்பது பூஜையன்று செல்வி எடுத்த படம்தான். கையில் குங்குமம் இருக்கிறது; அக்கா சிரிக்கவில்லை.

அந்த மிஷினில் அவர் நின்றது கொஞ்ச காலம்தான். மார்கழியில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. வேலைக்குப் போனதால்தான் திரும்ப வந்தது என்று உறவில் சிலர் இன்னும் பேசுகிறீர்கள். மருத்துவரிடம் நானே கேட்டேன். அப்படியில்லை என்றார். தயவுசெய்து இனி அப்படிப் பேசாதீர்கள். அக்கா அமைதியாகப் போனார் என்று எழுத ஆசைதான். அவர் அமைதியாகப் போகவில்லை. மிகவும் வலித்தது.

கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் ஆட்டோ எடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், மாமாவுக்கும் பிள்ளைக்கும் சோறு ஆக்கிப் போட்ட தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கம்பெனித் தோழிகளுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அடக்கத்தன்று அவர்கள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேரே வந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது செல்வி மட்டும் விலகிப்போய்ச் சுவரோரம் நின்றுவிட்டார். கைக்குள் அரிசி இருந்தது.

“நான் போடலண்ணே. அக்கா திட்டும்” என்றார்.

அக்கா மகள்தான் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். செல்வி குனிந்து அரிசியைப் போட்டுவிட்டு, எதற்கோ காத்திருப்பவர்போல அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.